பாதி வழியில் நிற்கும் மாடல் ரயில்... புது இன்ஜின் வாங்கும் முன் இதையெல்லாம் பாருங்க!

"மாமா, என் ரயிலு செத்துப்போச்சு!"

கொட்டாரத்தில் உள்ள எங்கள் வீட்டு வாசலில் நான் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அக்கா மகன் சொன்ன செய்தி இது. வயது ஒன்பது. கன்னியாகுமரி ஸ்டேஷனில் எந்த ரயில் எந்த பிளாட்பாரத்தில் நிற்கும் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வான். 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடி வரும் திப்ருகர் விவேக் எக்ஸ்பிரஸ்தான் அவனுக்கு ஹீரோ.

அத்தான் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். இந்த முறை லீவில் வரும்போது மகனுக்காக ஒரு டிஜிட்டல் மாடல் ரயில் செட் வாங்கி வந்திருந்தார். மாடி அறையில் பழைய பிளைவுட் பலகை போட்டு, அப்பாவும் மகனுமாகத் தண்டவாளம் பூட்டினார்கள். முதல் பத்து நாள் ரயில் ஜோராக ஓடியது. அப்புறம் தடுமாறத் தொடங்கியது. ஜன்னல் பக்க மூலைக்கு வந்தால் விளக்கு மினுக்கும், இன்ஜின் ஒரு குதி குதிக்கும், நின்றுவிடும். விரலால் தள்ளினால் ஓடும். சில நேரம் 'நில்' பட்டனை அழுத்தினாலும் கேட்காமல் போய்க்கொண்டே இருக்கும்.

பெரிய நகரத்துக் கடை ஒன்றுக்கு போன் போட்டுக் கேட்டதில், "சிக்னல் வாங்கலைன்னா உள்ளே இருக்குற சர்க்யூட் போயிருக்கும். புதுசு மாத்திடுங்க" என்று பதில் வந்ததாம். பல ஆயிரம் ரூபாய் செலவு. அதைவிடப் பெரிய பிரச்னை, நான் போனது சனிக்கிழமை. திங்கள்கிழமை இரவு அத்தானுக்குத் திருவனந்தபுரத்தில் ஃப்ளைட். அடுத்த லீவு ஒரு வருடம் கழித்துத்தான்.

"அப்பா போறதுக்குள்ள ஒரு ரவுண்டாவது ஒழுங்கா ஓடணும் மாமா" என்றான் பையன். நான் பார்த்தது என் அப்பாவை. அவர் ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"தண்டவாளத்துல கரண்டு ஒழுங்கா போகுதான்னு பாக்குறதுதான மக்கா பாட்டாவுக்கு வேலையே. நாளைக்கு காலைல பாப்போம்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கற்றுக்கொண்டதுதான் இந்தக் கட்டுரை. வீட்டில் ரயில் பொம்மையோ, மாடல் ரயிலோ இருப்பவர்களுக்கு நிச்சயம் உதவும்.

இன்ஜினுக்கு சிக்னல் எப்படிப் போகிறது?

முதலில் உங்கள் வீட்டு ரயில் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். மூன்று வகைகள் உண்டு.

முதல் வகை, பேட்டரியில் ஓடும் ரிமோட் பொம்மை ரயில். இவற்றில் பல, டிவி ரிமோட் போல கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் இயங்குபவை.

இரண்டாவது வகை, ரேடியோ அலையில் இயங்குவது. புளூடூத், வைஃபை எல்லாம் இதில் அடக்கம். இன்ஜினுக்குள்ளேயே ஆன்டெனாவும் ரிசீவரும் இருக்கும்.

மூன்றாவது வகைதான் அத்தான் வாங்கி வந்தது. 'டிசிசி' என்று சொல்வார்கள். டிஜிட்டல் கமாண்ட் கன்ட்ரோல் என்பதன் சுருக்கம். இதில் மின்சாரம், கட்டளை இரண்டுமே தண்டவாளம் வழியாகத்தான் போகும்.

அது எப்படி? இரண்டு தண்டவாளங்களுக்கும் கொடுக்கும் மின்சாரத்தின் திசையை கன்ட்ரோலர் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை மாற்றிக்கொண்டே இருக்கும். ஒரு திசையில் 58 மைக்ரோ செகண்ட் இருந்து மாறினால் அது '1'. 100 மைக்ரோ செகண்ட் அல்லது அதற்கு மேல் இருந்து மாறினால் அது '0'. இந்த ஒன்றும் பூஜ்யமும் சேர்ந்துதான், 'மூன்றாம் நம்பர் இன்ஜினே, வேகத்தைக் குறை' என்ற கட்டளையாகிறது. இன்ஜினுக்குள் இருக்கும் டீகோடர் என்ற சின்ன சர்க்யூட் அதைப் படித்து மோட்டாரை இயக்கும்.

ஒவ்வொரு கட்டளையின் கடைசியிலும் ஒரு சரிபார்ப்பு எண் இருக்கும். கணக்கு இடித்தால் டீகோடர் அந்தக் கட்டளையைத் தள்ளிவிடும். கன்ட்ரோலர் திரும்பத் திரும்ப அனுப்புவதால் ஒன்றிரண்டு தவறினால் நமக்குத் தெரியாது. ஆனால் சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே அழுக்கு இருந்து தொடர்பு அடிக்கடி அறுந்தால், 'நில்' என்பது தாமதமாகத்தான் போய்ச்சேரும். அதிக நேரம் அறுந்தால் டீகோடர் அணைந்து மறுபடி உயிர்பெறும். விளக்கு மினுக்குவது அதனால்தான்.

இந்த வகை ரயிலில் 'சிக்னல் வீக்' என்று நாம் சொல்வதற்குப் பெரும்பாலும் காரணம், கரண்டு போகிற வழியில் எங்கோ தடை இருப்பதுதான். டீகோடர் நன்றாகவே இருக்கலாம்.

முதல் கேள்வி: எங்கே நிற்கிறது?

அப்பா எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. முதலில் ஒரு பழைய நோட்டும் பேனாவும் கேட்டார். பலகையில் இருந்த தண்டவாளத்தை அப்படியே படமாக வரைந்தார். ரயிலைப் பத்து சுற்று ஓட விட்டு, தடுமாறிய இடத்தில் எல்லாம் ஒரு புள்ளி வைக்கச் சொன்னார். பையனுக்கு அது விளையாட்டாகிவிட்டது.

"ஒரே இடத்துல நின்னா கோளாறு தண்டவாளத்துல. எல்லா இடத்துலயும் நின்னா கோளாறு இன்ஜின்ல. எல்லா இன்ஜினும் எல்லா இடத்துலயும் நின்னா கன்ட்ரோலர்ல, இல்லைன்னா அங்கேருந்து வர்ற ஒயர்ல. இத கண்டுபிடிக்காம எதையும் கழட்டக் கூடாது, கேட்டியா?" என்றார்.

எங்கள் படத்தில் ஜன்னல் மூலையில் பத்துப் புள்ளிகள். மற்ற இடங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆறு புள்ளிகள். அதாவது, கோளாறு ஒன்று அல்ல, இரண்டு.

படி 1: தண்டவாளத்தைத் துடையுங்கள்

கன்ட்ரோலரை அணைத்துவிட்டு, வெள்ளைப் பருத்தித் துணியில் கொஞ்சம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்து, தண்டவாளத்தின் மேற்பகுதியைத் துடைத்தோம். துணி கறுத்துவிட்டது.

"இவ்ளோ அழுக்கா!" என்று அக்காவே ஆச்சர்யப்பட்டாள். தூசு, இன்ஜினிலிருந்து கசியும் எண்ணெய், சக்கரம் உருளும்போது எழும் நுண்ணிய மின்பொறிகளால் உருவாகும் கரி, உலோகத்தின் மேல் படியும் ஆக்ஸைடு எல்லாம் சேர்ந்த கலவை அது. எங்கள் ஊருக்குக் கூடுதலாக ஒன்று உண்டு. கடல் சில கிலோமீட்டர் தூரத்தில்தான். ஜன்னலைத் திறந்தால் உப்புக் காற்று. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் என்பதால் ஈரத்துக்கும் குறைவில்லை.

பித்தளைத் தண்டவாளம் என்றால் சீக்கிரம் கறுக்கும். நல்ல செட்டுகளில் 'நிக்கல் சில்வர்' தண்டவாளம் இருக்கும். பெயரில்தான் சில்வர், அதில் வெள்ளி கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த உலோகம். அது பித்தளையைவிடத் தாக்குப்பிடிக்கும், ஆனாலும் துடைக்கத்தான் வேண்டும்.

உப்புத்தாள், இரும்பு ஸ்க்ரப்பர் இரண்டையும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். உப்புத்தாள் கீறல் போடும், கீறலில் அழுக்கு இன்னும் வேகமாகச் சேரும். ஸ்க்ரப்பரின் இரும்புத் துகள்களை இன்ஜின் மோட்டாரில் இருக்கும் காந்தம் உள்ளே இழுத்துக்கொள்ளும். அதன்பிறகு மோட்டாருக்கே ஆபத்து.

இந்த ஆல்கஹால் சட்டென்று தீப்பிடிக்கக்கூடியது. அடுப்பு, விளக்கு பக்கத்தில் வேண்டாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பெரியவர்கள் செய்யுங்கள். நன்றாக உலர்ந்த பிறகே கரண்டு கொடுங்கள்.

படி 2: சக்கரமும் அதன் பின்பக்கமும்

தண்டவாளத்தைத் துடைத்துவிட்டு சக்கரத்தை விட்டால், ஒரே நாளில் பழைய கதைதான். இன்ஜினை மடித்த துண்டின் மேல் மல்லாக்கப் படுக்கவைத்து, காது குடையும் பட்ஸில் ஆல்கஹால் தொட்டு ஒவ்வொரு சக்கரத்தையும் சுற்றிச் சுற்றித் துடைத்தோம்.

அப்போது அப்பா ஒன்றைக் காட்டினார். சக்கரத்தின் பின்பக்கம் மெல்லிய உலோகத் தகடு ஒன்று உரசிக்கொண்டிருந்தது. சக்கரத்திலிருந்து கரண்டை வாங்கி டீகோடருக்குக் கொடுப்பது அதுதான். ஒரு பக்கத் தகட்டில் அக்காவின் தலைமுடி சுற்றிக் கிடந்தது. ட்வீஸரால் எடுத்தோம். இன்னொரு தகடு லேசாக வளைந்து, சக்கரத்தைத் தொடாமலே நின்றது. நகத்தால் மெதுவாக நிமிர்த்திவிட்டார்.

சில இன்ஜின்களில் இழுவைக்காக ஒன்றிரண்டு சக்கரங்களில் ரப்பர் வளையம் போட்டிருப்பார்கள். ரப்பர் வழியாக கரண்டு வராது. அப்படிப்பட்ட இன்ஜினில் மீதிச் சக்கரங்கள் பளிச்சென்று இருப்பது இன்னும் முக்கியம்.

மறுபடியும் பத்து சுற்று. பலகையில் இங்கும் அங்கும் இருந்த ஆறு புள்ளிகளும் காணாமல் போயின. ஆனால் ஜன்னல் மூலையில் ரயில் இன்னும் தடுமாறியது.

படி 3: ஒரு ரூபாய் சோதனை

"மக்கா, ஒரு ரூவா துட்டு கொண்டா" என்றார் அப்பா.

டிசிசி கன்ட்ரோலர்களில் ஷார்ட் சர்க்யூட் ஆனால் தானாக அணையும் பாதுகாப்பு இருக்கும். நாணயத்தை இரண்டு தண்டவாளங்களையும் தொடும்படி ஒரு நொடி வைத்தால், கன்ட்ரோலர் உடனே அணைய வேண்டும். இந்த அளவு மாடலில் தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர், ஒரு ரூபாய் நாணயம் தாராளமாக எட்டும். கன்ட்ரோலர் பக்கத்தில் வைத்தபோது சட்டென்று அணைந்தது. ஜன்னல் மூலையில் வைத்தபோது அணையவே இல்லை!

அணையவில்லை என்றால் நல்லதுதானே என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து. வழியில் தடை அதிகமாக இருப்பதால் போதுமான கரண்டு பாயவில்லை, அதனால் கன்ட்ரோலருக்கு ஷார்ட் ஆனதே தெரியவில்லை. அந்த மூலையில் ரயில் தடம் புரண்டு சக்கரம் குறுக்கே கிடந்தால், கரண்டு நிற்காமல் பாய்ந்து சக்கரமும் பிளாஸ்டிக்கும் சூடாகி உருகலாம். இந்தச் சோதனையைப் பாதுகாப்பு உள்ள டிசிசி கன்ட்ரோலரில் மட்டும், பெரியவர்கள் மட்டும், ஒரே ஒரு நொடி செய்யுங்கள்.

அடுத்து மல்டிமீட்டர். கன்ட்ரோலர் பக்கத்தில் 15 வோல்ட் அளவில் காட்டியது. மூலையில், இன்ஜின் இழுத்துக்கொண்டு நிற்கும்போது வைத்துப் பார்த்தால் 11. சாதாரண மீட்டர் இந்த வகை மின்சாரத்தைத் துல்லியமாக அளக்காது. ஆனாலும் இரண்டு இடங்களை ஒப்பிட்டுப் பார்க்கப் போதும். இன்ஜின் இல்லாமல் அளந்தால் வித்தியாசமே தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

படி 4: இணைப்பைச் சரிசெய்யுங்கள்

எங்கள் பலகையில் கன்ட்ரோலரிலிருந்து தண்டவாளத்துக்கு ஒரே ஒரு ஜோடி ஒயர்தான். அங்கிருந்து மூலை வரை கரண்டு போக வேண்டுமானால், தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் குட்டித் தகடுகள் ஏழெட்டைத் தாண்ட வேண்டும். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக இழப்பு. ஜன்னல் பக்கத் தகடு ஒன்று தளர்ந்து, உள்ளே பச்சை பூத்திருந்தது.

"பெரிய ரயில்லயும் இதே கததான் டே" என்று ஆரம்பித்தார் அப்பா.

நிஜ ரயில் பாதையில் 'டிராக் சர்க்யூட்' என்று ஒன்று உண்டு. பாதையின் ஒரு முனையில் சிறிய மின்சாரம் கொடுப்பார்கள், மறுமுனையில் ரிலே. ரயில் வந்தால் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளங்களையும் இணைத்துவிடும், ரிலேவுக்குக் கரண்டு போகாது, சிக்னல் சிவப்பாகும். அமெரிக்கரான வில்லியம் ராபின்சன் 1872-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். பிறகு உலகம் முழுக்கப் பரவியது. இரண்டு தண்டவாளங்கள் சேரும் இடத்தில் இணைப்புத் தகட்டை மட்டும் நம்பாமல், பக்கத்திலேயே ஒரு கம்பி போட்டு இணைத்திருப்பார்கள். 'பாண்டு' என்பது அதன் பெயர். அதிகம் ரயில் ஓடாத பாதையில் துரு ஏறினால் சக்கரம் ஒழுங்காகத் தொடாமல், ரயில் நிற்பதையே சர்க்யூட் கவனிக்காமல் போகும் அபாயமும் உண்டு.

"நாங்க வெயில்ல மழையில நடந்து போய் ஒவ்வொரு பாண்டா பாப்போம். ஒண்ணு அறுந்திருந்தாலும் சிக்னல் விழாது. உன் பொம்மைக்கும் அதே வைத்தியந்தான்."

பலகைக்கு அடியில் கன்ட்ரோலரிலிருந்து கொஞ்சம் தடிமனான இரண்டு ஒயர்களை ஓட்டினார். ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. சுமார் ஒரு மீட்டருக்கு ஒரு இடத்தில் சின்ன ஒயர்கள் மூலம் மேலே உள்ள தண்டவாளத்தோடு சால்டரிங் வைத்தார். உள் தண்டவாளத்துக்குச் சிவப்பு, வெளித் தண்டவாளத்துக்குக் கறுப்பு. இடம் மாறினால் ஷார்ட் என்பதால், பையன் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் நோட்டில் டிக் அடித்தான். தளர்ந்த தகட்டை மாற்றினோம்.

மறுபடி ஒரு ரூபாய் வைத்தோம். மூலையிலும் கன்ட்ரோலர் சட்டென்று அணைந்தது. பையன் கைதட்டினான்.

இன்னும் ஒரு கோளாறு

ரயில் ஓடியது. ஆனால் அத்தான் கதவுப் பக்கம் நின்று கை ரிமோட்டை இயக்கினால் மட்டும் கேட்கவில்லை. அந்த ரிமோட்டிலிருந்து கன்ட்ரோலர் பெட்டிக்கு ரேடியோவில்தான் தகவல் போகும். பெட்டி எங்கே இருந்தது? இரும்பு பீரோவுக்குப் பின்னால், வைஃபை ரூட்டரை ஒட்டி!

இந்த ரிமோட்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குவது. பல வீட்டு ரூட்டர்களும் புளூடூத்தும் அதே இடத்தில்தான் பேசுகின்றன. மைக்ரோவேவ் அவன் ஓடும்போது கசியும் அலையும் அங்கேதான். போதாததற்கு பீரோ சுவர் போல மறைத்தது. பெட்டியை பீரோவின் முன்பக்கம் உயரமான இடத்துக்கு மாற்றி, ரூட்டரைத் தள்ளிவைத்தோம். ரிமோட்டுக்குப் புது பேட்டரி போட்டோம். அதோடு சரியாகிவிட்டது.

உங்கள் ரயில் வேறு வகையா?

இன்ஜினுக்குள்ளேயே ரேடியோ ரிசீவர் இருந்தால், ஆன்டெனாவைக் கவனியுங்கள். உலோக உடல் கொண்ட இன்ஜின், அலையை உள்ளே விடாது. ஆன்டெனா கம்பியைச் சுருட்டி மோட்டார் பக்கத்தில் திணிக்காதீர்கள், நீளத்தை வெட்டவும் வேண்டாம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். அதில் கால் பங்கான 3 சென்டிமீட்டர் அளவில்தான் பல ஆன்டெனாக்கள் இருக்கும். ஒரு சென்டிமீட்டர் வெட்டினாலும் பெரிய நஷ்டம். பிளாஸ்டிக் கூரையின் அடியிலோ, ஜன்னல் பக்கமோ நேராக இருக்கும்படி ஒட்டுங்கள். நம் ரயில்வேயின் 'கவச்' பாதுகாப்பு முறையிலும் இன்ஜினும் ஸ்டேஷனும் ரேடியோவில்தான் பேசிக்கொள்கின்றன. அதற்கான ஆன்டெனாவை இன்ஜின் கூரை மேல்தான் வைக்கிறார்கள்.

அகச்சிவப்பு ரிமோட் பொம்மை ரயில் என்றால், ஒரு எளிய சோதனை. ரிமோட்டின் முன்முனையை செல்போனின் செல்ஃபி கேமராவுக்கு நேராகப் பிடித்துப் பட்டனை அழுத்துங்கள். பல போன்களில் ஊதா கலந்த வெள்ளை ஒளி தெரியும். தெரிந்தால் ரிமோட் நலம், இன்ஜினின் பேட்டரியையும் முன்கண்ணாடியையும் பாருங்கள். நேரடி வெயில் படும் இடத்தில் இந்த ரிமோட் சரியாக வேலை செய்யாது, நிழலுக்கு மாற்றுங்கள்.

டிசிசி இன்ஜின் விளக்குகூட எரியாமல் கிடந்தால், முகவரி மாறியிருக்கவும் வாய்ப்புண்டு. பெரும்பாலான டீகோடர்கள் '3' என்ற முகவரியோடுதான் தொழிற்சாலையிலிருந்து வரும். கன்ட்ரோலரில் 3 போட்டு அழைத்துப் பாருங்கள்.

பாதை பிரியும் 'பாயின்ட்' மேல் மட்டும் நின்றால், அங்கே கரண்டு இல்லாத பிளாஸ்டிக் துண்டு இருக்கலாம். சின்ன இன்ஜின்கள் அதில் மாட்டும். நொடி நேரம் மின்சாரத்தைச் சேமித்துக் கொடுக்கும் கெப்பாசிட்டரை டீகோடரோடு இணைப்பது இதற்குத் தீர்வு. ஆனால் உங்கள் டீகோடர் அதற்கு ஏற்றதா என்று கையேட்டைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும், சுத்தமான ஒரு துண்டுத் தண்டவாளத்தில் வைத்தாலும் இன்ஜின் அசையவில்லை என்றால், அப்போது டீகோடரைச் சந்தேகப்படலாம்.

திங்கள்கிழமை

எங்களுக்கு ஆன மொத்தச் செலவு, ஒயர், ஆல்கஹால், பட்ஸ், பேட்டரி எல்லாம் சேர்த்துச் சில நூறு ரூபாய். டீகோடரைத் தொடவே இல்லை.

திங்கள்கிழமை மதியம் பெட்டி கட்டி முடித்த பிறகு அத்தான் மாடிக்கு வந்தார். மகன் பச்சைக் கொடி காட்ட, அவர் ரிமோட்டைப் பிடித்தார். ஒரு ரவுண்டு என்று தொடங்கியது. கார் வந்து ஹாரன் அடிக்கும் வரை இருபது ரவுண்டாவது போயிருக்கும். ஜன்னல் மூலையைத் தாண்டும்போதெல்லாம் பையன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். ரயில் நிற்கவில்லை.

"மாமா, அடுத்த லீவுல இன்னொரு லைன் போடுவோம்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார் அத்தான்.

இப்போது வாராவாரம் ஞாயிறு காலை தண்டவாளம் துடைப்பது பையனின் டியூட்டி. ஆல்கஹால் பாட்டில் மட்டும் பாட்டா கையில். ரயில் ஓடாத நேரத்தில் ஜன்னலைச் சாத்தி, பலகை மேல் பழைய வேட்டியை மூடிவைக்கிறார்கள். துடைத்து முடித்ததும் மஸ்கட்டுக்கு வீடியோ கால். அந்த நோட்டில் தேதி போட்டு, புள்ளி எத்தனை என்று எழுதிவைக்கிறான். கடைசியாக நான் பார்த்தபோது நாலு வாரமாக அங்கே பூஜ்யம்தான்.

உங்கள் வீட்டு ரயில் எங்கே நிற்கிறது? ஒரு நோட்டை எடுங்கள், புள்ளி வையுங்கள். கோளாறு இருக்கும் இடத்தை அதுவே காட்டிவிடும்!